காதலையும் இழப்பையும் நாவலில் எழுதும்போது தவறுகிற இடங்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது நாவல் எழுத வருகிற இளையவர்களின் பிரதிகளில் காதல், இழப்பு, இனி எதற்காக வாழ்வது என்ற கேள்வி மூன்றும் கட்டாயம் இருக்கின்றன. இருக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் பாதியில் காதல், நடுவில் ஷெல், கடைசியில் தத்துவம் என்று மூன்றையும் பிரித்து வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இழப்பை அழுகையால் எழுதுவதுதான் பெரிய தவறு. 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் மனைவியை எடுத்துக்கொள்வோம். பிரதிகளில் அவள் படலையடியில் நின்று ரோட்டைப் பார்த்து அழுதுகொண்டே இருப்பாள். உண்மையில் அவளுக்கு அதற்கு நேரமே கிடையாது. செத்தவீடு நடந்திருந்தால் எட்டுச் செலவுச் சடங்கு, 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை, வருடம் முடிய ஆட்டைத் திவசம் என்று ஊரும் உறவும் கூடவே நின்று அவளை நடத்திக்கொண்டு போயிருக்கும். உடல் இல்லாததால் எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போவதா? போனால் ஆராத்தி எடுக்கக் கூப்பிடுவார்களா?

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். மகளுக்குக் கலியாணம் பேசி வருகிறது. தனக்குச் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணியை அவள் விற்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையோடு சேர்ந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காணி அவளுடையதாகவே இருந்தாலும் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. சம்மதம் தர ஆள் இல்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். எடுத்தால், அவர் செத்துவிட்டார் என்று அவளே ஒப்பமிட்டதாகிவிடும். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்கு, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் தர 2016இல் சட்டம் வழி செய்தது. அவள் எந்தப் படிவத்தை நிரப்புவாள்? மகளுக்கு என்ன சொல்வாள்? காதல், இழப்பு, வாழ்வின் பொருள் மூன்றும் அந்த ஒரு படிவத்தில் வந்து நிற்கின்றன. இதை எழுத ஒருவர்கூட அழ வேண்டியதில்லை.

அடுத்தது, காதலைச் சினிமாவிலிருந்து எடுத்து வருவது. மழை, பஸ், முதல் பார்வை. இங்கே இன்றைய காதல் வேறு மாதிரி. அவன் பிரான்ஸில் அகதி, இலங்கைக்கு வர முடியாது. கலியாணம் சென்னையிலோ திருச்சியிலோதான். அதுவரை எல்லாம் ஃபோனில். அவனுக்குத் தெரிந்தது தான் விட்டுப்போன ஊர். அவள் இருப்பது இப்போதைய ஊரில். இருவருக்கும் வருகிற சண்டைகளை எழுதினாலே ஒரு நாவல் கிடைக்கும். அதேபோல, "இரண்டு வீட்டாரும் சம்மதிக்கவில்லை" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். ஏன் சம்மதிக்கவில்லை? பெரும்பாலும் சாதி. சாதிக் கொடுமையை எழுதிய கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் வந்து 50 வருடங்களுக்கு மேலாகிவிட்டன. அவர் பெயர் சொல்லி எழுதியதை நாம் இன்னும் பூசி மெழுகுவது நியாயமா?

காலப் பிழைகளும் நிறைய. 1993இல் காதலன் யாழ்தேவியில் கொழும்புக்குப் போகிறான் என்று எழுதக்கூடாது. 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. எழுதுமுன் வீட்டில் பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டாலே போதும்.

நமது இழப்பு மட்டும்தான் இழப்பு என்று எழுதுவது இதைவிடக் கனமான பிழை. 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய இடப்பெயர்வு ஏறத்தாழ எல்லாப் பிரதிகளிலும் வருகிறது. நாவற்குழிப் பாலத்தில் நெரிந்த சனம், சைக்கிளில் கட்டிய மூட்டை, மழை. சரி, எழுதத்தான் வேண்டும். ஆனால் அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு, 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் வீடுகள் வெறுமையாயின. 1990இல் பக்கத்துத் தெரு போவதைப் பார்த்து நின்ற ஒருவர்தான் 1995இல் தானும் மூட்டை கட்டியிருப்பார். அப்போது அவருக்கு என்ன நினைவு வந்திருக்கும்? இந்தக் கேள்வியைத் தொடாத யாழ்ப்பாண நாவல் இழப்பைப் பாதிதான் பார்த்திருக்கிறது என்பேன்.

கடைசியாக, வாழ்வின் பொருளைத் தேடுவது. பாத்திரம் மொட்டை மாடியில் இருந்து பத்துப் பக்கம் யோசிக்கும். 2021 புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்ற அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்' நாவலிலும் யோசனைகள்தான் அதிகம் என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதன் நாயகன் கொழும்பிலிருந்து வடக்கே ஒரு செத்தவீட்டுக்குப் போகிறான். செத்தவர் அவனுடைய பாட்டியைப் பராமரித்த பெண், போரில் இரண்டு மகன்களை இழந்த தாய். யோசனை எவ்வளவு நீண்டாலும் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, போய்ச் சேர ஒரு வீடு இருக்கிறது. உங்கள் பாத்திரத்துக்கும் ஒரு அலுவல் கொடுங்கள். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகட்டும், காணி உறுதியைத் தேடட்டும், கீரிமலைக்கு பஸ் ஏறட்டும். யோசிப்பதை வழியில் யோசிக்கட்டும்.