சைலன்சர் இணைப்பில் கசிவு: என் அனுபவம்

காலையில் பைக்கைக் கிளப்பியதும் என்ஜின் அருகே கேட்ட 'டிக் டிக்' ஓசையை வால்வுக் கோளாறு என்றே முதலில் நினைத்தேன். என்ஜின் ஆறியிருந்தபோது இணைப்பில் சோப்பு நீரைத் தடவிக் கிளப்பி, சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஒரு கணம் மறைத்தபோது, புகைக்குழாய் என்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டோடு சேருமிடத்தில், கரி படிந்த ஓரத்தில், நுரை குமிழியிட்டது. அங்கிருந்த இரு நட்டுகளும் துருப்பிடித்திருந்ததால் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் பொறுமையாகக் கழற்றினேன்; அவசரத்தில் ஸ்டட் (ஹெட்டில் பதிந்து நட்டைத் தாங்கும் திருகுக் கம்பி) உடைந்தால் ஹெட்டையே பட்டறைக்குக் கொண்டுபோக நேரும். உள்ளிருந்த செம்பு கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் வளையம்) நசுங்கி, ஒருபக்கம் கருகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதியதைப் பொருத்தி, சைலன்சரின் பின்பக்க போல்ட்டைத் தளர்வாக விட்டு, முன் நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கிய பின்பே அதையும் முடுக்கினேன். ஒருமுறை ஓட்டி ஆறவிட்டதும் நட்டுகள் இன்னும் கால் சுற்று இறுகின. ஓசை முற்றிலும் நின்றுவிட்டது.