பைத்தியம், பித்து, கோட்டி: சொல்லை மாற்றிப் போடும் தவறுகள்

எங்கள் அத்தைக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தெருவில் கோட்டிக்காரி, அதாவது பைத்தியக்காரி, என்றார்கள். உறவுக்காரர்கள் பேய் பிடித்திருக்கிறது என்று கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார்கள். படித்த சித்தப்பா ஒருவர், "வெறும் மன அழுத்தம்தான், ரெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும்" என்றார். நோயின் சரியான பெயர் எங்கள் காதில் விழுவதற்குள் ஆறு வருஷம் ஓடிவிட்டது. அதிலிருந்து இந்தச் சொற்களை யார், எங்கே, எப்படிப் போடுகிறார்கள் என்று கவனிக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுவது, மனநலம் பாதிக்கப்பட்டவரையும் மனவளர்ச்சி குன்றியவரையும் ஒன்றாக்கி எழுதுவது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு பிறவியிலோ சிறுவயதிலோ தொடங்குவது. அதற்கு வேண்டியது பயிற்சியும் துணையும். மனநோய் எந்த வயதிலும் வரலாம், அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது.

அடுத்து, சித்தப்பா செய்த தவறு. பரீட்சை, கடன், ஆபீஸ் கெடுபிடி இவையெல்லாம் தருவது மன அழுத்தம். டிப்ரஷன் என்று டாக்டர்கள் சொல்வது மனச்சோர்வு. எதிலும் ஆசையற்றுப்போய், தூக்கமும் பசியும் கெட்டு, வாரக்கணக்கில் நீடிப்பது. இரண்டுக்கும் மன அழுத்தம் என்றே எழுதினால், சோர்வில் கிடப்பவரிடம் நாலு நாள் லீவு போடச் சொல்லிவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விடுவோம். மனச்சிதைவு என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. 'சிதைவு' என்றதும் ஒரே உடம்பில் இரண்டு ஆள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வேறு நிலை. மனச்சிதைவில் யாரும் பேசாத குரல் காதில் கேட்கும். யாரோ தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம் எத்தனை எடுத்துச் சொன்னாலும் அசையாது. அத்தை கிணற்றடியில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குரல்களுக்குத்தான்.

கொடூரமான கொலை ஒன்று நடந்தால் மறுநாளே 'சைக்கோ', 'மனநோயாளி' என்று தலைப்பு போடுவது எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம். எந்த டாக்டரும் இன்னும் பார்த்திருக்க மாட்டார். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடி வாங்குவதுதான் அதிகம்.

'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்பதை மனநோயாளிக்கு மரியாதையான பெயர் என்று நினைத்து எழுதுகிறார்கள். அது தன் புத்தி தன் வசத்தில் இல்லாதவரைக் குறிக்கும் சட்டச் சொல், பெரிய விளைவுகள் கொண்டது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதால் மட்டுமே அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராகக் கொள்ளக் கூடாது, அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

பேய் பிடித்தது என்ற சொல்லுக்கு நாம் கொடுத்த விலை ஏர்வாடி, பேய் ஓட்டவென்று மனநோயாளிகளைக் கூட்டிப் போகும் தர்கா உள்ள ஊர். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இந்தத் தவறு நம்மிடம் பழையது. சங்கப் பாட்டில் காதலால் மெலிந்த மகளைப் பார்த்து, முருகன் அணங்கியது, அதாவது பிடித்து வருத்துவது, என்று எண்ணித் தாய் முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். உண்மைக் காரணம் தோழிக்குத் தெரியும், அவள்தான் தவிக்கிறாள்.

அந்த 'வெறி'யை இன்றைய குடிவெறி, கொலைவெறி என்ற பொருளில் படித்துவிடக் கூடாது. அங்கே அது சாமி வந்து ஆடும் ஆட்டம். பழைய நூல்களில் வெறி என்றால் மணம் என்றும் பொருள் உண்டு. மையலும் இப்படித்தான். இன்று அது காதல் மயக்கம். "மையல் ஒருவன் களித்தற்றால்" என்று தொடங்கும் 838ஆம் குறளில் அது பித்துப் பிடித்தவனைக் குறிக்கிறது: பேதையின் கையில் பொருள் சேர்வது, அப்படிப்பட்டவன் கள்ளும் குடித்ததைப் போல.

பித்தும் பைத்தியமும் ஒரே வேர், பித்தம். வாதம், பித்தம், கபம் என்று சித்த மருத்துவம் கணக்குப் போடும் மூன்றில் ஒன்று அது. பித்தம் தலைக்கேறிவிட்டது என்று இன்னும் சொல்கிறோமே, அதுதான். ஆனால் இரண்டு சொல்லும் வேறு வேறு திசையில் போய்விட்டன. பைத்தியம் தெருவில் வசவானது. பித்து அன்பின் பக்கம் போனது. 'நீ என் அடிமை' என்று வழக்காடித் திருமணத்தைத் தடுக்க வந்த முதியவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். வந்தவர் சிவபெருமான். திருவெண்ணெய்நல்லூரில் வழக்கு முடிந்த பிறகு, ஏசிய அதே சொல்லில் பாட்டைத் தொடங்கச் சொன்னார் இறைவன். "பித்தா பிறைசூடி" என்று சுந்தரர் தேவாரம் பிறந்தது. "பெற்ற மனம் பித்து" என்பதில் பித்தை எடுத்துவிட்டுப் பைத்தியம் என்று போட்டுப் பாருங்கள், தாயே மறைந்துவிடுவாள். அப்புறம், மனநோய்ச் சொற்களைத் திருத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பித்தையும் சேர்த்து அழிக்க வேண்டாம். அது நோயின் பெயராக அங்கே நிற்கவில்லை.

வட்டாரச் சொல்லைத் 'திருத்துவதும்' தவறுதான். யாழ்ப்பாணத்தில் விசர் என்பார்கள். வெறிநாய் அங்கே விசர் நாய். ஈழக் கதை ஒன்றைப் பதிப்பிக்கும்போது "உனக்கென்ன விசரே?" என்பதைப் பைத்தியமாக்கினால் பேசுபவரின் ஊர் போய்விடும். எங்கள் நெல்லைக் கோட்டியும் அப்படியே. குறளில் கோட்டி என்று வந்தால் அது கற்றவர் கூடும் சபை, எங்கள் தெருக்கோட்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கோட்டி என்ற சொல் முழுக்க வசவும் இல்லை. மருந்து பிடித்து, குரல்கள் அடங்கிய பிறகு, நான் ஊருக்குப் போனால் அத்தை முறுக்குத் தட்டை முன்னால் தள்ளிவிட்டுச் சொல்வார்: "எலும்பா வந்து நிக்கிய, தின்னுல கோட்டிப் பயலே."