வெட்டிய வரியைக் கணக்கில் கேளுங்கள்: கொழும்பில் சிறுதொழில் செய்பவர்களுக்கு

வரிச் சலுகை என்றதும் பலர் நிவாரணத்தையும் வரவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நிவாரணம் வருமானத்தில் கழியும், வரவு வரியிலேயே கழியும். 6 வீதம் கட்டுபவருக்கு 10,000 ரூபாய் நிவாரணத்தால் மிச்சம் 600 ரூபாய்தான். அதே 10,000 வரவாக இருந்தால் முழுப் பத்தாயிரமும் மிச்சம்.

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மென்பொருள் செய்து கொடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு கொம்பனி அவருக்கு மாதம் 200,000 ரூபாய் தருகிறது. இப்படிப்பட்ட சேவைக் கட்டணம் மாதம் 100,000-ஐத் தாண்டினால் 5 வீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஆண்டுக்கு 120,000 போய்விடும். அந்தக் காசு அவர் பெயரில்தான் இறைவரித் திணைக்களத்துக்குப் போகிறது. அதுதான் அவருடைய வரவு. அதைக் கணக்கில் கேட்கும் வழி இதோ:

1. வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். இணையத்திலேயே பதியலாம்.

2. வரி பிடித்த ஒவ்வொருவரிடமும் சான்றிதழ் வாங்குங்கள். சோம்பல்படக் கூடாத இடம் இதுதான். நிலையான வைப்பு வட்டியில் வங்கி பிடித்த 10 வீதத்துக்கும் சான்றிதழ் உண்டு. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.

3. இலாபத்தைக் கணக்கிடுங்கள். நம்மவரின் ஆண்டு வருமானம் 2,400,000. இணையம், மின்சாரம் போன்ற தொழில் செலவு 150,000. 300,000-க்கு வாங்கிய மடிக்கணினியை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. ஐந்தாண்டுக்குப் பிரித்து, இவ்வாண்டு 60,000. இலாபம் 2,190,000. வட்டி 100,000 சேர்த்தால் 2,290,000.

4. தனிநபர் நிவாரணத்தைக் கழியுங்கள். 2025/26 முதல் அது 1,800,000. மிச்சம் 490,000. கூரையில் சூரிய மின்தகடு போட்டு தேசிய மின்கட்டமைப்பில் இணைத்திருந்தால், அந்தச் செலவில் ஆண்டுக்கு 600,000 வரை கழிக்கலாம். நம்மவரிடம் அது இல்லை.

5. முதல் 1,000,000-க்கு வரி 6 வீதம். ஆக, 29,400. இனித்தான் வரவு: கொம்பனி பிடித்த 120,000, வங்கி பிடித்த 10,000, மொத்தம் 130,000. திணைக்களம்தான் அவருக்கு 100,600 ரூபாய் தர வேண்டும்! காலாண்டுத் தவணை கட்டியிருந்தால் அதுவும் இதோடு சேரும்.

6. வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30-க்குள் இணையத்தில் நிரப்புங்கள். 2025/26-க்கு அது 2026 நவம்பர் 30. பிடித்த வரிக்கான பகுதியில் ஒவ்வொரு சான்றிதழையும் தனித்தனியாகப் பதியுங்கள். மீளளிப்பையும் அங்கேயே கேளுங்கள், கேட்காமல் காசு வராது. தடுமாறினால் 1944-க்கு அழைக்கலாம். இல்லை, நேரே கொழும்பு 2, சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகலாம்.

ஆண்டு வருமானமே 1,800,000-க்குள் இருப்பவர்கள் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்துவிட்டால், வட்டியில் வரி பிடிக்கவே மாட்டார்கள்.