மறதியுள்ள முதியவர்களின் வீட்டில் ஒரு மாத்திரைப் பெட்டியை ஆராய்வது எப்படி?

வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு மூடிகள் கொண்ட பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டியை மருந்துக்கடைகளில் பார்த்திருப்பீர்கள். மூடிகளின்மேல் ஆங்கில நாள்களின் முதலெழுத்து மட்டும் இருந்தால் எஸ் இரண்டு, டி இரண்டு வரும். மலாய் நாள்களின் முதலெழுத்தாக இருந்தாலும் செலாசாவுக்கும் சப்துவுக்கும் ஒரே எஸ்தான். நல்ல நினைவுள்ளவரே நின்று யோசிக்கும் இந்தப் பெட்டியை, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு இன்று தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டில் மகனோடு வசிக்கும், பள்ளிக்கூடம் போகாத, டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் தொடங்கிய ஒரு பாட்டியின் கையில் கொடுத்தால் என்ன நடக்கிறது என்பதை முறையாக அறிவதே இந்த ஆராய்ச்சி. தவறு பெட்டியில் இருக்கிறது என்ற எண்ணத்தோடு தொடங்குங்கள். பாட்டியின்மேல் குறை தேடத் தொடங்கினால் நீங்கள் எழுதும் குறிப்பு எதுவும் வடிவமைப்பாளருக்கு உதவாது.

முதல் வேலை அனுமதி. சுகாதார அமைச்சின் கிளினிக் வழியாக ஆள்களைத் தேடுவதென்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து, மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். கிளினிக்கைத் தவிர்த்து, கோயில் நிர்வாகம் வழியாகவோ பாவே என அழைக்கப்படும் முதியோர் நடவடிக்கை மையம் வழியாகவோ போனாலும், ஒரு பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் பார்வைக்கு வைத்துவிட்டே வீடுகளுக்குச் செல்லுங்கள். குடும்பத்தாரின் கையெழுத்து மட்டும் போதாது. முதியவரிடம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள். நேற்றுச் சம்மதித்தது இன்று அவருக்கு நினைவில் இராது. முகத்தைத் திருப்பிக்கொள்வது, எழுந்து அடுப்படிக்குப் போவது, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருப்பது எல்லாம் மறுப்பாகவே கொள்ளத்தக்கவை. அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். 1975இல் வெளியான, நினைவையும் சிந்திக்கும் திறனையும் அளக்கும், 30 மதிப்பெண் கொண்ட எம்எம்எஸ்இ சோதனை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதில் ஒரு வாக்கியத்தைப் படிப்பது, ஒரு வாக்கியத்தை எழுதுவது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது போன்ற பகுதிகள் உள்ளன. விடியுமுன் பெரட்டு என்ற தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்குப் போய் வளர்ந்த தலைமுறைக்கு அந்த மதிப்பெண் பள்ளிப் படிப்பின் குறையையும் சேர்த்தே காட்டும். ஆகவே மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பிரிக்காமல், மருத்துவர் சொன்னதையும், முன்பு தானே செய்து இப்போது செய்ய முடியாமல் போன வேலைகள் எவை என்று வீட்டார் சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள். எத்தனை பேர் என்ற கேள்விக்கு, ஐந்து பேரே போதும் என்று, பொருள்களின் பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த நீல்சனும் லாண்டவரும் 1993இல் செய்த கணக்கை எடுத்துக்காட்டுவார்கள். அந்தக் கணக்கு, ஒருவர் சராசரியாக 31 விழுக்காட்டுச் சிக்கல்களைக் கண்டெடுப்பார் என்ற அடிப்படையில் நிற்பது. ஒரே மனிதர் திங்களன்று ஒருவிதமாகவும் வியாழனன்று வேறுவிதமாகவும் இருக்கும் இந்நிலையில், எட்டு வீடுகளுக்கு மும்மூன்று முறை போவதையே நான் பரிந்துரைப்பேன்.

காலையில், அவர் பசியாறிய பிறகு செல்லுங்கள். மறதிநோயுள்ளவர்களில் பலருக்கு மாலை நெருங்க நெருங்கக் குழப்பமும் பதற்றமும் கூடும். முப்பது நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். பெட்டியை உடனே எடுத்து நீட்டாமல் பழைய நாள்களைப் பேச விடுங்கள். துன் சம்பந்தன் 1960இல் அமைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குப் பணம் கட்டியதை வரிசையாகச் சொல்பவர், காலை மாத்திரையைப் போட்டாரா என்பதைச் சொல்ல முடியாமல் இருப்பார். பழைய நினைவும் கைப்பழக்கமும் கடைசிவரை ஓரளவு நிற்கும் என்பதால், வடிவமைப்பு பற்றிக்கொள்ள வேண்டிய இடமும் அதுவே. ரப்பர் பால் சேரும் மங்கைத் துடைத்த கையும் வெற்றிலைப் பெட்டி திறந்த கையும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று கவனியுங்கள்.

பிறகு கேட்கும் விதம். “பாட்டி, இந்தப் பெட்டிய ஒழுங்கா செஞ்சிருக்காங்களான்னு பாக்கணும், கொஞ்சம் தொறந்து காட்டுறீங்களா?” என்று கேட்டால் அவர் உதவி செய்பவர் ஆகிறார். “இன்னைக்கு என்ன கெழம?” என்று தொடங்கினால் அது பரீட்சை ஆகிவிடும், வெட்கத்தில் அவர் கையை எடுத்துவிடுவார். செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்லச் சொல்லும் முறை பிற ஆய்வுகளில் சிறந்தது என்றாலும், இங்கே பேச்சே கையின் கவனத்தைப் பறித்துவிடுவதால் அதைத் தவிருங்கள். பத்து வாக்கியங்களை ஒன்று நேராகவும் அடுத்தது எதிர்மறையாகவும் அடுக்கி ஐந்து படிகளில் ஒரு பொருளைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று விடை கேட்கும் எஸ்யுஎஸ் வினாத்தாளும் பொருந்தாது. இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து எதை எடுக்கிறார் என்று பார்ப்பதில் உண்மை அதிகம்.

சோதிக்கும்போது பெட்டிக்குள் மெய்யான மாத்திரையை ஒருபோதும் வைக்காதீர்கள். பொத்தானும் மணியும் கூடாது, வாயில் போட்டுக்கொள்வார். விழுங்குவதில் சிரமமில்லை என்று வீட்டாரிடம் உறுதி செய்துகொண்டு பொட்டுக்கடலை வைக்கலாம்.

குறிப்பேட்டில் சரி, தவறு என்று எழுதுவதை விட, எந்த அளவு உதவி தேவைப்பட்டது என்று எழுதுங்கள்: தானே செய்தாரா, ஒரு சொல் போதுமாக இருந்ததா, சுட்டிக்காட்ட வேண்டியிருந்ததா, கைப்பிடித்துச் செய்ய வேண்டியிருந்ததா. கை தயங்கிய இடத்தைத் தனியாகக் குறியுங்கள். ஒளியும் நிறமும் பெரிய காரணங்கள்: வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளாவதால் நீலமும் பச்சையும் பிரிந்து தெரிவது குறையும், வெளிறிய பெட்டிக்குள் வெள்ளை மாத்திரை இருப்பதே தெரியாது. அரசாங்கக் கிளினிக் தரும் உறையில் குறிப்பு மலாயில் இருப்பதால், படிக்காதவர் மாத்திரையை நிறத்தாலும் வடிவத்தாலுமே அடையாளம் வைத்திருப்பார். தயாரிப்பாளர் மாறி நிறம் மாறினால் பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் மறுத்துவிடுவார். இதையும் ஆய்வின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

மருமகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் விடை சொல்வார். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார். அவரை விலக்கிவிடாமல், பின்னர் வாசலில் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். பெட்டியை நிரப்புபவர் அவரே என்பதால் அவருடைய சிரமமும் வடிவமைப்புக்குரிய செய்திதான். படம் எடுப்பதாக இருந்தால் கைகளை மட்டும் எடுங்கள். பெயருக்குப் பதிலாக எண் இடுங்கள்.

மாற்றிய பெட்டியை அதே வீடுகளுக்கே திரும்பக் கொண்டுசெல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அது பாட்டியின் கைக்குப் பழகிவிட்டதென்றால், ஆய்வு முடிந்தது என்று எடுத்து வந்துவிடாதீர்கள். அங்கேயே விட்டுவிட்டு, எந்த மாத்திரை எந்தக் குழியில் என்பதை மருந்தாளர் முன்னிலையில் மருமகளுக்குக் காட்டிக்கொடுங்கள்.