கொம்பன் பன்றியைச் சின்னதாக்காதீர்கள்

கொங்கு நாட்டில் உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல உட்காரும் பெரியவர்கள் பலர் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். கதையின் நாயகர்களான அண்ணன் தம்பி பொன்னர், சங்கர் பிறப்பதற்கு முந்தைய தலைமுறையிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். உடுக்கடிப் பாட்டுக்காரரும் அப்படித்தான் பாடுவார், சரி. அவருக்குப் பல இரவுகள் இருக்கின்றன. நமக்குக் கரண்ட் போன அரை மணி நேரம்தான். ஐந்து வயதுக்குப் பங்காளிச் சண்டை எதற்கு? நேராகக் கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வயலுக்குள் இறக்கிவிடுங்கள்.

இறக்கியபின் அதைச் சின்னதாக்கக் கூடாது. நானே செய்த தப்பு இது. தங்கை மகனிடம், "நிஜத்தில் பன்றி அவ்வளவு பெரிசா இருக்காது கண்ணு" என்று நடுவில் சொல்லிவைத்தேன். அதுவரை 'ம்' கொட்டிக்கொண்டிருந்தவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். புளுகு என்று அவனுக்கு முதலிலேயே தெரியும். மாமா எதுவரை போகிறார் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தான்.

நூறு அடி, ஆயிரம் கிலோ என்று எண்ணில் அளப்பதும் வீண். பிள்ளை பார்த்த பொருளை வைத்து அளக்க வேண்டும். காங்கேயம் காளை வந்து நின்றால் கொம்பனின் முழங்கால் உயரம். தும்மினால் தென்னந்தோப்பில் இளநீர் உதிரும். முதுகு அரித்தால் கிளுவை வேலி போதாது, சென்னிமலைக்குப் போய்த்தான் தேய்த்துக்கொள்ளும். இந்த வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் மலையைச் சொல்லிவிட்டால் அப்புறம் ஏறுவதற்கு இடமில்லை.

பன்றியைக் கொன்ற பெருமை முழுவதையும் சங்கருக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. சிலர் பாடும் கதையில் பெரிய வேட்டை நாய்களால் ஆகாததை ஒரு குட்டி நாய் செய்கிறது. கேட்கும் வாண்டு தன்னை அந்த நாயாகத்தான் நினைத்துக்கொள்ளும். அதை விட்டுவிட்டால் கதையில் பாதி போச்சு. நாய் எங்கே கடித்தது என்பதைப் பாட்டுக்காரர் கூச்சமில்லாமல் பாடுவார். நாம் பின்னங்காலுக்குக் கொஞ்சம் மேலே என்று நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று கவனம் கேட்கிறது. கதையில் எதிரணியாக வரும் வேட்டுவர், இன்றும் நம்மோடு வாழும் சமூகம். அவர்களைக் கெட்டவர்களாக்கிச் சொன்னால், நாளை உங்கள் பிள்ளை பக்கத்து பெஞ்சுக்காரனிடம் அதையே சொல்லும். சின்னப் பிள்ளைகளுக்குப் பன்றி ஒன்றே போதுமான எதிரி.

தீரன் சின்னமலையை இந்தப் புளுகுக்குள் இழுத்து வராதீர்கள். அவர் 1756-இல் பிறந்து 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட வரலாற்று மனிதர். 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை' என்று அவர் சொன்னதாக வழங்கும் பேச்சே பிள்ளைகளுக்குப் போதும், கையில் கொம்பனை வேறு கொடுக்க வேண்டாம்.

முடிவை என்ன செய்வது? படுகளம் என்கிற போர்க்களத்தில் அண்ணன்மார் மடிவதைச் சொல்லாமல் பன்றியோடு நிறுத்தலாம். ஆனால் 'அப்புறம் சந்தோஷமாக வாழ்ந்தார்கள்' என்று ஒட்டவைக்காதீர்கள்; நாளைக்கு அண்ணன்மாரைக் கும்பிடும் வீரப்பூர் மாசித் திருவிழாவுக்குப் போனால் அவர்கள் மடிந்த கதையைப் பிள்ளையே பார்த்துவிடும். "மீதி நீ பெரியவனானதும்" என்றால் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஒரே புளுகை ஒரே மாதிரி சொல்லுங்கள். நேற்று உதிர்ந்தது நாற்பது இளநீர் என்றால் இன்றைக்கும் நாற்பதுதான். முப்பது என்று பாருங்கள், தூக்கத்திலிருந்து எழுந்து திருத்துவார்கள்.