தானாகக் காலியான பட்டியல்

ஆர்டர் பொருளுக்குள் (ஆப்ஜெக்ட்) இருந்த சரக்குப் பட்டியல், அறிக்கை அச்சாகும் நேரத்தில் காலியாகிவிடும். சில சமயம் அடுத்த ஆர்டரின் சரக்குகள் அதில் உட்கார்ந்திருக்கும். ஜாவா நிரல். பட்டியலை வைத்திருக்கும் புலம் பிரைவேட் ஃபைனல், அதாவது வெளியிலிருந்து நேரடியாகத் தொடவோ அதில் வேறு பட்டியலை வைக்கவோ முடியாது. மதிப்பை மாற்றும் செட்டரும் கிடையாது.

முதலில் ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்கள்மீது சந்தேகப்பட்டு, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் சின்க்ரனைஸ்டு போட்டுப் பார்த்தேன். பலனில்லை. பிறகு கெட்டர் வெளியே தரும் பட்டியலை, அதன் வழியாக மாற்ற முயன்றால் பிழை எழுப்பும் அன்மாடிஃபையபிள்லிஸ்ட் கொண்டு சுற்றினேன். அப்போதும் காலியானது, ஆனால் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) ஒன்றுகூட எழவில்லை. துப்பு அங்கேதான் இருந்தது. கெட்டர் வழியாக யாராவது கைவைத்திருந்தால் நிரல் அந்த வரியிலேயே அலறியிருக்கும்.

ஆக, வாசல் வேறு. ஆர்டர் பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர், வந்த பட்டியலை அப்படியே புலத்தில் வைத்திருந்தது. அழைக்கும் நிரலோ அதே பட்டியலை கிளியர் செய்து அடுத்த ஆர்டருக்கு நிரப்பிக்கொண்டிருந்தது. ஃபைனல் காப்பது ரெஃபரன்ஸை, அதாவது எந்தப் பட்டியல் என்ற சுட்டலை மட்டுமே, பட்டியலின் உள்ளடக்கத்தை அல்ல. அன்மாடிஃபையபிள்லிஸ்டும் மூலப் பட்டியலின் மேல் வைத்த கண்ணாடிதான். மூலம் மாறினால் அதுவும் மாறும்.

கன்ஸ்ட்ரக்டரில், மாற்ற முடியாத தனி நகல் தரும் லிஸ்ட்.காப்பிஆஃப் போட்டதும் தீர்ந்தது, அப்பாடா! ஜாவா 10 முதல் இது உண்டு. நல் (null, வெற்று மதிப்பு) உறுப்பை இது ஏற்காது. எங்கள் தரவில் அப்படி ஒன்று ஒளிந்திருந்தது, வடிகட்டினேன். நகல் மேலோட்டமானது, பட்டியலை மட்டுமே நகலெடுக்கும் என்பதால், உள்ளிருக்கும் சரக்குப் பொருள்களையும் புலங்களை மாற்ற முடியாத ரெக்கார்டாக மாற்றிவிட்டேன்.