கமகம் படிக்கட்டாகக் கேட்கிறதா? மிடி தரவுக் குவியலைச் சீர்செய்யும் முறை

தைப்பூசம் நெருங்கினால் கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் படுக்கையறை ஸ்டுடியோக்களில் முருகன் பாடல்கள் தயாராகத் தொடங்கிவிடும். நாதஸ்வரக் கலைஞரை அழைத்துப் பதிவு செய்ய வசதிப்படாதபோது சாம்பிள் நாதஸ்வரம்தான் கைகொடுக்கும். வாசிக்கும்போது நன்றாகவே இருக்கும். பிறகு ஒரு ஸ்வரத்தைத் திருத்தலாம் என்று மிடி (வாசிப்பை ஒலியாக அல்லாமல் எண்களாகப் பதியும் முறை) எடிட்டரைத் திறந்தால், கீழே கறுப்புச் சுவர்போல ஆயிரக்கணக்கான புள்ளிகள் நிற்கும். எதைத் தொட்டாலும் ஒலி குதிக்கும். அந்தச் சுவரை எப்படிக் குறைப்பது, எதைக் குறைக்கவே கூடாது என்பதுதான் இங்கே விஷயம்.

டிராக் சேர்ப்பது, கருவியை ஏற்றுவது, பதிவு செய்வது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். விளக்கம் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வைத்து. 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். மிடி வளைவுகளைத் திருத்த இந்த விலைக்கு இதைவிட நல்ல மென்பொருள் இல்லை என்பது என் கருத்து.

படி 1: தனித்தனியாகப் பதியுங்கள்

முதல் சுற்றில் ஸ்வரமும் பிட்ச் பெண்டும் (ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் தரவு) மட்டும். அடுத்த சுற்றில் சிசி 1, அதற்கடுத்து சிசி 11 (சிசி என்பது ஒலியின் தன்மை, அளவு போன்றவற்றை மாற்றும் எண்ணிட்ட மிடி கட்டளை). ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பதிந்தால் எது எதைக் கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. பெரும்பாலான தந்தி, காற்றுக் கருவி சாம்பிள்களில் சிசி 1 ஒலியின் தன்மையை மாற்றும்; மெல்ல வாசித்த சாம்பிளிலிருந்து ஓங்கி வாசித்த சாம்பிளுக்குக் கொண்டுபோகும். சிசி 11 ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்கும். சிசி 7 மிக்ஸிங்குக்கு உரியது, வாசிப்பில் அதைத் தொடாதீர்கள்.

இவற்றுக்குக் கீபோர்டின் மாட் வீலைவிட (சிசி 1 அனுப்பும் சக்கரம்) நீளமான ஸ்லைடர் எவ்வளவோ மேல். விரல் நகர அதிக இடம் இருப்பதால் மெல்லிய ஏற்றங்கள் கைக்கு வரும். ஆனால் ஸ்லைடருக்குள் தூசியும் அழுக்கும் சேர்ந்தால் கை வைக்காதபோதும் 63, 64, 63, 64 என்று எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். பாதிச் சுவர் இப்படி எழுந்ததாகவே இருக்கலாம். ஸ்லைடரைத் தொடாமல் பத்து விநாடி பதிந்து பாருங்கள். புள்ளி விழுந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துவிட்டுத் தொடருங்கள்.

படி 2: சிசி 1, சிசி 11 இரண்டையும் தாராளமாகக் குறையுங்கள்

இவை 0 முதல் 127 வரைதான் போகும். ஒலியளவு மாற்றத்துக்கு 15 அல்லது 20 மில்லிவிநாடிக்கு ஒரு புள்ளி போதும். கியூபேஸ் (இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருள்) வைத்திருப்பவர்கள் மிடி மெனுவில் ஃபங்ஷன்ஸ், அதற்குள் தின் அவுட் டேட்டா. ரீப்பரில் பதிந்ததை மாதிரியாகப் பார்த்துக்கொண்டு அழித்துவிட்டு, ஒரு சங்கதிக்கு ஐந்தாறு புள்ளி வைத்து, அவற்றைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் வடிவத்தை லீனியர் (நேர்கோடு) அல்லது பெசியர் (வளைவு) ஆக்குவது நல்லது. இந்த வசதி ரீப்பர் 6 முதல் உண்டு.

குறைக்கும் கட்டளையை எல்லாச் சிசிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சிசி 64 பெடல். அதில் பெடலை விடும் புள்ளி போனால் ஒலி விடாமல் இழுத்துக்கொண்டே நிற்கும். சிசி 101, 100, 6 மூன்றும் சேர்ந்துதான் பெண்ட் வீச்சை (பெண்ட் எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்பதை) அமைக்கின்றன. அவற்றில் ஒன்று போனால் பாடல் முழுக்கச் சுருதி தப்பும்.

படி 3: பிட்ச் பெண்ட் (பலரும் சறுக்கும் இடம்)

சிசி 11-ஐக் குறைத்த அதே கணக்கில் பிட்ச் பெண்டையும் குறைத்தால் கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பது) செத்துவிடும். ஏன் என்று தோடி ராகத்தின் காந்தாரத்தை (க) வைத்துப் பார்ப்போம்.

தோடியில் க ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிக்கும் மவுக்கும் இடையே அசைகிறது. சி-யை ஸட்ஜமாக வைத்தால் க ஈ-ஃப்ளாட். கீழே இரண்டு செமிடோனில் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கீகளுக்கு இடையிலான தூரம் ஒரு செமிடோன்) ரி, மேலே இரண்டு செமிடோனில் ம. வேகம் நிமிடத்துக்கு 72 பீட், ஒரு பீட்டுக்கு இரண்டு அசைவு என்று கொள்ளுங்கள். ஓர் அசைவுக்கு 417 மில்லிவிநாடி. பீட்டுக்கு 32 புள்ளி என்றால் அந்த ஓர் அசைவுக்கு 16 புள்ளிதான். நான்கு செமிடோன் ஏறி நான்கு இறங்கும் தூரத்தை 16 படியில் கடக்க வேண்டும். படிக்கு 50 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). அரை செமிடோன் அரை செமிடோனாகத் தாவுவதைக் காது உடனே பிடித்துவிடும். பீட்டுக்கு 128 புள்ளி என்றால் படி 12.5 சென்ட்டாகச் சுருங்கும். ரீப்பரின் மிடி எடிட்டர் அமைப்புகளில் ஒரு பீட்டுக்கு எத்தனை புள்ளி வரைய வேண்டும் என்று சொல்லும் இடம் இருக்கிறது. பெண்டுக்காக அதை உயர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்து வீச்சு. பிட்ச் பெண்டின் எண்கள் 0 முதல் 16383 வரை, நடு 8192. வழக்கமான வீச்சு மேலும் கீழும் 2 செமிடோன். தோடி காந்தாரத்துக்கு அது மட்டுமட்டு. ஸவிலிருந்து பவுக்கு ஒரு ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) போட முடியாது. 12 வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு செமிடோன் சுமார் 683 எண். ரி 6827, ம 9557. நடுவை 0 என்று காட்டும் மென்பொருளில் -1365, +1365. இந்த இரண்டு முனைகளிலும் புள்ளி வைத்து, இடையில் மெல்லத் தொடங்கி மெல்ல முடியும் வளைவைக் கொடுங்கள். எல்லா அசைவும் ஒரே உயரத்துக்குப் போனால் இயந்திரம் பாடுவதுபோல் இருக்கும். ஒன்று 9557, அடுத்தது 9480, அதற்கடுத்தது 9590 என்று விட்டுப் பாருங்கள், உயிர் வரும்.

வீச்சை மென்பொருளில் மாற்றினால் போதாது, கருவியின் சொந்தப் பலகத்திலும் 12 என்று வைக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: சி-யை அழுத்தி பிட்ச் பெண்ட் வீலை முழுதாக மேலே தள்ளுங்கள். மேல் சி-யோடு ஒத்து ஒலித்தால் சரி.

புள்ளிகள் நெருக்கமாக இருந்தும் படிக்கட்டுக் கேட்கிறதென்றால் கீபோர்டைச் சந்தேகியுங்கள். சில கீபோர்டுகள் பெண்டையும் 128 படியில்தான் அனுப்பும். 12 வீச்சில் அது படிக்கு 18.75 சென்ட். நிகழ்வுப் பட்டியலில் எண்கள் எல்லாம் 128-இன் மடங்காகவே வந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான். அப்படிப்பட்ட கீபோர்டில் வாசித்த பெண்டை வைத்துப் போராடாமல் கையால் வரைந்துவிடுங்கள்.

படி 4: தொடக்கமும் முடிவும்

முதல் ஸ்வரத்துக்குச் சற்று முன்பே சிசி 1, சிசி 11, பெண்ட் மூன்றுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். சங்கதி முடிந்ததும், ஒலி முழுதாக அடங்கிய பிறகு, பெண்டை 8192-க்குக் கொண்டுவாருங்கள். அடங்கும் முன் கொண்டுவந்தால் வால் இழுபடும். கொண்டுவராமலே விட்டால் அடுத்த சரணம் அபஸ்வரத்தில் தொடங்கும்.

பின்னர் சேர்த்தது

“கமகம் போடும்போது சுருதியும் சேர்ந்து ஆடுகிறது” என்று இருவர் கேட்டிருந்தார்கள். பிட்ச் பெண்ட் ஒரு ஸ்வரத்துக்கு உரியதல்ல, அந்தச் சேனல் முழுவதற்கும் உரியது. பின்னணியில் நிற்கும் சுருதி ஸவைத் தனி டிராக்கில், தனிச் சேனலில் வையுங்கள். எம்பிஇ (ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக வளைக்க உதவும் மிடி முறை) கருவிகள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் கொடுத்து இதைத் தீர்க்கின்றன. ஆனால் அவற்றின் வழக்கமான வீச்சு 48 செமிடோன். மேலே சொன்ன 6827, 9557 அங்கே பொருந்தாது. அங்கே ஒரு செமிடோனுக்குச் சுமார் 171 எண்தான், ஆகவே ரி 7851, ம 8533.

இன்னொருவர் ஐந்து முள் மிடி கேபிளில் பழைய சவுண்ட் மாட்யூலை ஓட்டுகிறார், தாளம் தாமதமாக விழுகிறதாம். அந்தக் கேபிளின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். மூன்று பைட் செய்தி ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி ஆகும். பெண்டும் சிசியும் அடைத்துக்கொண்டால் ஸ்வரம் வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும். அவர் சிசி 1, சிசி 11 இரண்டையும் 30 மில்லிவிநாடிக்கு ஒன்றாகக் குறைத்து, ஆஃப்டர்டச் (கீயை அழுத்திய பின் தரும் கூடுதல் அழுத்தம்) பதிவதை அடியோடு நிறுத்திவிடலாம். பெண்டை மட்டும் தொட வேண்டாம்.